நிஜம் போல இருந்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கேம்ஸ் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கிய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளைத்தான் கட்டங்களாக அடுக்கினார். அந்த விளையாட்டை உலகம் இன்னும் விடவில்லை.

2002-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'செல்டா: விண்ட் வேக்கர்' கார்ட்டூன் படம் போல இருந்தது. 2000-ல் காட்டிய டெமோ போல நிஜமாக இல்லையே என்று ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இன்று பார்த்தாலும் அது அழகாகவே இருக்கிறது. நிஜம் போலக் காட்ட முயன்ற அந்தக் கால கேம்ஸ் பலவற்றில் மனிதர்கள் மரப்பொம்மைகளாகத் தெரிகிறார்கள். காரணம் எளிது. புதிய கார்டு வர வர, பழைய 'நிஜம்' பொய்யாகிவிடும். நல்ல ஸ்டைலுக்கு அந்தக் கவலை இல்லை.

விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களுக்கு நிஜத்தோற்றம் தேவைதான், மறுக்கவில்லை. மற்றபடி, இருக்கும் கம்ப்யூட்டரிலேயே முதலில் விளையாடிப் பாருங்கள். மனதுக்குப் பிடித்த ஒரு கேம் அதில் ஓட மறுத்தால், அப்போது கார்டுக்குப் பணம் செலவழிக்கலாம்.