முதலில் விதி, பிறகு விருது

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் நீச்சல் அணிகளுக்கு மார்ச் மாதக் கடைசியில், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியோடு பருவம் முடிகிறது. அதையொட்டி ஒவ்வொரு அணியும் தன் விருது விருந்தை நடத்துகிறது. பெற்றோர் வருகிறார்கள், பழைய மாணவர்கள் வருகிறார்கள், இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறுகிறார்கள். அன்று மேடைக்கு யார் அழைக்கப்படுகிறார், எதற்காக அழைக்கப்படுகிறார் என்று கவனித்தால், அந்த அணி எதை மதிக்கிறது என்பது விளங்கிவிடும். பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் குளக்கரையில் என்ன பேசினாலும், அந்த ஒரு மாலையில் அழைக்கப்படும் பெயர்களைத்தான் முதலாண்டு மாணவன் மனத்தில் வைத்துக்கொள்கிறான்.

நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்த இந்த மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விருதின் விதி பருவம் தொடங்கும் முன்பே எழுதப்பட வேண்டும். எழுதியபின் அது பயிற்சியாளரையும் கட்டுப்படுத்த வேண்டும். இந்த உரையில் நான் வலியுறுத்துவது இதைத்தான்.

முதலில் கடிகாரம் தீர்மானிக்கும் விருதை எடுத்துக்கொள்வோம். தேசியப் போட்டியில் காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிச் சுற்று. காலையில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் ‘ஏ’ இறுதியில் நீந்துகிறார்கள். அவர்களுக்கு ஆல்-அமெரிக்கன் என்ற தகுதி. ஒன்பது முதல் பதினாறு வரை வந்தவர்களுக்கு ‘பி’ இறுதி. அவர்களுக்குச் சிறப்புக் குறிப்புடன் ஆல்-அமெரிக்கன். மாலையில் ‘பி’ இறுதியில் வென்றவரின் நேரம் ‘ஏ’ இறுதியில் கடைசியாக வந்தவரின் நேரத்தைவிடச் சிறப்பாக இருந்தாலும் அவர் ஒன்பதாம் இடத்தில்தான் நிற்பார். புள்ளியும் அப்படியே: எட்டாம் இடத்துக்கு 11, ஒன்பதாம் இடத்துக்கு 9.

இந்த விதி கடுமையானது. ஆனால் அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் காலையில் வேகமாக நீந்தும் பழக்கத்தை செப்டம்பர் மாதத்திலிருந்தே பயிற்சித் திட்டத்தில் சேர்க்கும் பயிற்சியாளர்கள் உண்டு. விருதின் விதி பயிற்சியின் உள்ளடக்கத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த விதி பெயரையும் பார்ப்பதில்லை. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவராக 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் 100, 200 கெஜ பட்டர்ஃபிளை இரண்டிலும் தேசியப் பட்டம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 விநாடியில் முடித்துத் தம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு கல்லூரிப் போட்டியில் 200 கெஜ பட்டர்ஃபிளையில் அவரால் காலைச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஒலிம்பிக் சாம்பியனுக்கென்று தனிக் கணக்கு எதுவும் இல்லை. அந்த ஆண்டும் டெக்சாஸ்தான் அணிப் பட்டம் வென்றது. வேறு தோள்கள் அந்தச் சுமையை ஏற்றன. அந்தத் தோள்களுக்கும் விருது விருந்தில் இடம் இருக்க வேண்டும்.

அணிப் புள்ளியின் கணக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறது. முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 17, பிறகு படிப்படியாகக் குறைந்து பதினாறாம் இடத்துக்கு 1. ரிலேக்கு இவற்றின் இரு மடங்கு. ஒஹாயோவில் கேம்பியர் என்ற சிற்றூரில் உள்ள கென்யன் கல்லூரி என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. அந்தக் கல்லூரியின் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 ஆண்டுகள் தேசியப் பட்டத்தைக் கைவிடவில்லை. 2011-இல் அதே மாநிலத்தின் டெனிசன் பல்கலைக்கழகம் அந்தத் தொடரை முடித்தது. புள்ளிகள்: டெனிசன் 500.5, கென்யன் 499.5.

ஒரே ஒரு புள்ளி. ஒரு பந்தயத்தில் பதினாறாவதாக வந்தவர் ஈட்டுவதும் அந்த ஒரு புள்ளிதான். சமநிலையில் முடிந்த பந்தயங்களில் பங்கிடப்பட்ட அரைப் புள்ளிகளும் அந்த இரு கூட்டுத்தொகைகளிலும் நிற்கின்றன. முப்பத்தோரு ஆண்டு வரலாறு முடிவதற்கும் தொடர்வதற்கும் இடையே நின்றவர்களில் பலர் எந்தப் பதக்க மேடையிலும் ஏறியவர்கள் அல்ல. இந்த எண்ணிக்கையை ஒருமுறை மனத்தில் வாங்கிய பயிற்சியாளர், தங்கம் வென்றவரை மட்டும் அழைக்கும் விருது விழாவை நடத்தவே மாட்டார்.

அடுத்தது காலத்தை அளக்கும் விருது. ஹார்வர்டு, யேல் முதலிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் ஆண்கள் நீச்சல் சாம்பியன்ஷிப்பில் இரண்டு விருதுகள் அருகருகே நிற்கின்றன. அந்தப் போட்டியில் அதிகப் புள்ளி எடுத்த நீச்சல் வீரருக்கு ஃபில் மோரியார்ட்டி விருது. நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி குவித்த இறுதியாண்டு மாணவருக்கு ஹெரால்டு யூலன் விருது. டைவிங் வீரர்களின் நான்காண்டுக் கணக்குக்கு ரான் கீன்ஹோல்டு பெயரில் தனி விருது. ஒன்று சில நாள் உச்சத்தை மதிக்கிறது, மற்றவை நான்கு குளிர்காலங்கள் விடாமல் வந்ததை மதிக்கின்றன. ஒரே மாணவர் இரண்டையும் பெறலாம். இருவருக்குப் போகவும் இடம் தரும்படி அளவுகோல்கள் வேறுபடுகின்றன.

அந்தப் பெயர்களையும் கவனியுங்கள். யூலன் ஹார்வர்டின் பயிற்சியாளர். மோரியார்ட்டி யேலின் பயிற்சியாளர். இரு அணி மோதல்களில் 528 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்கோடு 1959-இல் ஓய்வு பெற்ற ராபர்ட் கிப்ஹத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர். யேல் மாணவர் யூலன் பெயரிலான விருதைப் பெறலாம், ஹார்வர்டு மாணவர் மோரியார்ட்டி பெயரிலான விருதைப் பெறலாம். பரம எதிரிகளின் ஆசான்களுக்கு இரு தரப்பும் சேர்ந்து செலுத்தும் மரியாதை அது. கல்லூரிக்குள் மட்டும் சுற்றிவரும் விருதுகளால் இந்தப் பெருந்தன்மையைக் கற்றுத்தர முடியாது.

படிப்புக்கான விருதுகளை அமெரிக்கர்கள் விளையாட்டு விருதுகளின் நடுவிலேயே வைக்கிறார்கள். பிக் டென் கூட்டமைப்பு 1915 முதல், விளையாட்டிலும் படிப்பிலும் சிறந்த இறுதியாண்டு மாணவருக்குப் பல்கலைக்கழகம்தோறும் கௌரவப் பதக்கம் வழங்கிவருகிறது. என்.சி.ஏ.ஏ. 2009-10 பருவத்தில் தொடங்கிய விருது ஒன்று, தேசிய இறுதிப் போட்டிக் களத்தில் இருக்கும் வீரர்களுள் மிக உயர்ந்த மதிப்பெண் சராசரி கொண்டவருக்குப் போகிறது. வெறும் மதிப்பெண் போதாது, இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று அங்கே வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அந்த விருதின் கனம் இருக்கிறது.

1922-இல் தொடங்கிய கல்லூரி நீச்சல் பயிற்சியாளர் சங்கம் இன்னும் ஒரு படி போகிறது. தனி மாணவர்களைப் பாராட்டுவதோடு, 4.0 அளவில் 3.0-க்குக் குறையாத அணிச் சராசரி உள்ள அணிகளையும் பாராட்டுகிறது. தேசியப் போட்டிக்கு ஓர் அணி 18 நீச்சல் வீரர்களுக்கு மேல் அழைத்துச்செல்ல முடியாது. அதற்குள் இடம் பெறாமல் ஊரிலேயே இருந்துவிட்டவரின் தேர்வு மதிப்பெண்ணும் இந்தப் பாராட்டில் எண்ணப்படுகிறது. அணி என்பதற்கு இது ஒரு நேர்மையான வரையறை.

இனி, பயிற்சியாளர்களான நமக்கு அதிகம் சிக்கல் தரும் விருதுக்கு வருகிறேன். ‘அதிக முன்னேற்றம் கண்டவர்’ என்ற விருது ஏறக்குறைய எல்லா அணிகளிலும் உண்டு. அதை எப்படி அளப்பது? 100 ஃப்ரீஸ்டைலில் ஒருவர் 50.0 விநாடியிலிருந்து 48.5-க்கு வந்தார், இன்னொருவர் 46.0-இலிருந்து 44.8-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக் கணக்கில் முதலாமவர் 1.5, இரண்டாமவர் 1.2. சதவீதக் கணக்கில் முதலாமவர் 3.0, இரண்டாமவர் 2.6. இரண்டிலும் முதலாமவர்தான் முன்னே நிற்கிறார்.

உலக நீச்சல் அமைப்பின் புள்ளி முறையில் அடிப்படை நேரத்தை வீரரின் நேரத்தால் வகுத்து, அதை மும்மடியாக்கி, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க அடிப்படை நேரம் 40 விநாடி என்று கொண்டால், முதலாமவர் 512 புள்ளியிலிருந்து 561-க்கு ஏறுகிறார், உயர்வு 49. இரண்டாமவர் 658-இலிருந்து 712-க்கு ஏறுகிறார், உயர்வு 54. இப்போது விருது இரண்டாமவருக்கு! உயரே போகப் போக ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் கூடுதல் விலை என்பதை இந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

எந்த முறை சரி? இரண்டுக்கும் நியாயம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களை ஊக்கப்படுத்த விரும்பும் அணி சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முன்வரிசை வீரர்களின் கடைசிப் படி உயர்வை மதிக்கும் அணி புள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பருவம் முடிந்தபின், இரண்டு பெயர்களையும் கையில் வைத்துக்கொண்டு முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்போது நாம் தேர்ந்தெடுப்பது முறையை அல்ல, ஆளை. மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அதன்பின் அந்த விருதுக்காக யாரும் உழைக்க மாட்டார்கள்.

அணியே வாக்களித்துத் தரும் விருதுகள் வேறு வகை. அதிகாலைப் பயிற்சிக்குத் தவறாமல் வருபவர், காயத்தோடு இருந்தும் அணியைத் தாங்கியவர், தோற்ற நாளில் மற்றவர்களைத் தூக்கி நிறுத்தியவர் ஆகியோரை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்க முடியாது. கூட நீந்துபவர்களுக்குத்தான் தெரியும். இந்த விருதில் பயிற்சியாளர் விலகி நிற்க வேண்டும். வாக்கு ரகசியமாக இருக்க வேண்டும், முடிவை அப்படியே ஏற்க வேண்டும். தமக்குப் பிடித்தவர் வரவில்லை என்று முடிவைத் திருத்தும் பயிற்சியாளர் விருதை மட்டுமல்ல, அணியின் நம்பிக்கையையும் இழக்கிறார்.

சாதனைப் பலகைக்கும் இதே நெறிதான். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு ஆண்கள் நீச்சல் அணியின் ஆண்டுக் கையேட்டில் முன்னாள் வீரர்கள் சிலரின் சாதனைகள் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் அதை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது. பெரும் வெற்றிகள் கண்ட, புகழ்பெற்ற ஓர் அணியில் நடந்தது இது. ஒரு மாணவரோடு மனக்கசப்பு ஏற்படலாம், அவர் அணியை விட்டு விலகியிருக்கலாம், பயிற்சியாளரின் முறையையே எதிர்த்திருக்கலாம். ஆனால் அவர் சுவரைத் தொட்ட நேரம் அவருடையது. அதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆகவே பலகையைப் பராமரிக்கும் பொறுப்பு பயிற்சியாளரிடம் இருக்கவே கூடாது; கல்லூரி அலுவலகத்திடம் இருக்க வேண்டும்.

பலகைக்கும் எழுதப்பட்ட விதி வேண்டும். அமெரிக்கக் கல்லூரி நீச்சல் 25 கெஜக் குளத்தில், அதாவது 22.86 மீட்டரில் நடக்கிறது. 2000, 2004 ஆகிய ஆண்டுகளில் முதல் பிரிவுத் தேசியப் போட்டி 25 மீட்டர் குளத்தில் நடந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுத முடியாது. 2008, 2009-இல் பாலியூரித்தேன் நீச்சலுடைகள் புழங்கின. 2010 தொடக்கத்திலிருந்து அவை தடைசெய்யப்பட்டன. அந்த நேரங்கள் அன்றைய விதிப்படி நீந்தப்பட்டவை. ஆகவே அவற்றை நீக்காமல், ஆண்டைத் தெளிவாக எழுதி வைப்பதே நேர்மை. குளத்தின் நீளம், நாள், போட்டியின் பெயர், மின்னணுக் கடிகாரமா கைக் கடிகாரமா என்ற நான்கு விவரங்கள் இல்லாத எந்தச் சாதனையும் பலகையில் ஏறக் கூடாது.

நம் கல்லூரிகளின் நிலைமை வேறு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பல இடங்களில் சொந்தக் குளம் இல்லை. சில கல்லூரிகளில் ரிலேக்கு நான்கு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. ஆண்டு விளையாட்டு விழாவில் நீச்சலுக்கென்று ஒரு தனிநபர் சாம்பியன் கோப்பை, சிறப்பு விருந்தினர் கையால் ஒரு கைகுலுக்கல், அத்துடன் முடிந்தது. ஆனால் நான் மேலே சொன்னவற்றுள் எதற்கும் பெரிய செலவு கிடையாது. நான்காண்டுப் புள்ளிக் கணக்குக்கு ஒரு நோட்டுப் போதும். ரகசிய வாக்குக்குச் சில துண்டுச் சீட்டுகள் போதும். சிறிய அணிக்குத்தான் இவை இன்னும் அவசியம். ஆறு பேர் உள்ள அணியில் ஒருவர் மனமுடைந்து விலகினால் ரிலே அணியே கேள்விக்குறியாகிவிடும்.

ஆகவே பயிற்சியாளர்களையும் உடற்கல்வி இயக்குநர்களையும் நான் கேட்டுக்கொள்வது இது. வரும் கல்வியாண்டின் முதல் பயிற்சி நாளன்று ஒரே ஒரு தாளை மாணவர்களுக்குக் கொடுங்கள். என்னென்ன விருதுகள், ஒவ்வொன்றுக்கும் என்ன அளவுகோல், யார் தீர்மானிப்பார்கள், சமநிலை வந்தால் என்ன செய்வது, தகுதியை யாரும் எட்டாவிட்டால் விருது நிறுத்திவைக்கப்படுமா என்ற ஐந்து கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கட்டும். நேரத்தால் முடிவாகும் விருது ஒன்று, தொடர்ச்சிக்கு ஒன்று, முன்னேற்றத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, அணியின் வாக்குக்கு ஒன்று என ஐந்து விருதுகள் போதும். அதற்கு மேல் கூட்டினால் எல்லாவற்றின் மதிப்பும் குறையும். தாளின் ஒரு படியை முதல்வர் அலுவலகத்தில் கையெழுத்துடன் ஒப்படையுங்கள்.

பருவத்தின் நடுவில் அந்தத் தாளை மாற்ற வேண்டும் என்ற ஆசை ஒருநாள் நிச்சயம் வரும். நல்ல மாணவன் ஒருவன் மயிரிழையில் விருதைத் தவறவிடுவான்; நம் மனம் அவன் பக்கம் சாயும். அவனைத் தனியே அழைத்துப் பாராட்டுங்கள், அடுத்த ஆண்டுக்கான இலக்கை அவனோடு சேர்ந்து எழுதுங்கள். விருதை மட்டும் விதி சொல்பவருக்கே கொடுங்கள். பயிற்சியாளர் தம் சொல்லுக்குத் தாமே கட்டுப்பட்டவர் என்று கண்ட மாணவர்கள், அவர் எழுதித் தரும் அடுத்த பயிற்சித் திட்டத்தையும் நம்பி நீந்துவார்கள்.

— ஆசிரியர்