மேற்குப் பக்கம் கண்ணாடி எதற்கு?

நம் புறநகர்கள் ஒவ்வொன்றாக மாநகரத் தகுதி பெற்று வருகின்றன. பெட்டாலிங் ஜெயா 2006-இல் மாநகரானது, சுபாங் ஜெயா 2020-இல். தகுதி உயர்ந்தால் ஊழியர்கள் கூடுவார்கள், பழைய அலுவலகம் போதாமல் போகும். நாளை உங்கள் ஊர் மன்றத்தின் புதிய கட்டட மாதிரி காட்சிக்கு வந்தால், முகப்பை ரசிப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இதில் மேற்கு எந்தப் பக்கம்?

காரணம் இருக்கிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறத்தாழ 1.15 மணிக்கு. அதற்குப் பிறகு அலுவலகம் மூடும்வரை வெயில் மேற்குச் சுவரில்தான் விழும். அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால், உள்ளே புகும் ஒளி தரையையும் மேசையையும் சூடாக்கும். அவை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போகாது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் வேலை குளிர்சாதனத்தின் தலையில் விழுகிறது. மின்கட்டணம் நீங்களும் நானும் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து போகிறது.

வேறு வழி உண்டா? புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்தைப் பாருங்கள். 2010-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே அகன்று கீழே குறுகும் அதன் சுவர்கள் 25 பாகை சாய்ந்தவை. டிசம்பரில்கூட இங்கே உச்சிச் சூரியன் தெற்கே ஏறத்தாழ 26 பாகைதான் சாய்கிறது. ஆகவே தெற்குச் சுவர் நண்பகலில் பெரும்பாலும் தன் நிழலிலேயே நிற்கிறது. வடக்குச் சுவருக்கு ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் கவலையே இல்லை. கான்கிரீட் தளங்களுக்குள் குழாய் பதித்து, இரவில் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். பகல் முழுவதும் அந்தத் தளம் அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வழக்கமான அலுவலகம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 210 கிலோவாட் மணி மின்சாரம் செலவழிக்கும் இடத்தில், இதற்குச் சொல்லப்படும் அளவு 65.

அதற்காக ஊருக்கு ஊர் வைர வடிவில் கட்டச் சொல்லவில்லை. நான்கு மணி வெயில் தாழ்ந்து வரும். அதைச் சுவரின் சாய்வு மட்டும் தடுக்காது. அங்கே மலிவான வழியே போதும். மேற்குப் பக்கம் மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை, கோப்பு அறை இவற்றை வையுங்கள். ஊழியர்கள் உட்காரும் அறைகளை வடக்கும் தெற்கும் பார்க்க அமைத்து, சன்னலுக்கு மேல் அகலமான வெயில் தடுப்பு கொடுங்கள். கதிர் தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டோமே என்பார்கள். அது வெப்பத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்துவது நிழல் மட்டுமே. பழைய கடைவீதிகளில் அஞ்சடி கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

வரி கட்ட வருபவர்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் குளிர்சாதனம் தேவையில்லை என்பேன். உயரமான கூரை, இருபக்கமும் திறப்பு, பெரிய மின்விசிறிகள் போதும். சட்டை கோட்டு போட்டு வரும் விருந்தினருக்குக் கொஞ்சம் வியர்க்கலாம், அவ்வளவுதான்.

வரைபடம் தாளில் இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு மாற்ற முடிவது திரைச்சீலையை மட்டும்தான்.