மயக்க ஊசி போட்டாச்சு... அப்புறமும் ஏன் ஞாபகம் இருக்கு?

சிவகாசியில் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் செலுத்துகிற ரசாயனக் கலவைதான். அந்த மருந்து வெடித்து உடம்பு வெந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு மருந்து தேவைப்படுகிறது. மயக்க மருந்து. அதுவும் ஒரே ஒரு தடவை அல்ல.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள், 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இப்படி ஒவ்வொரு விபத்திலும் பலி எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடும். பிழைத்தவர்களுக்கோ அதன் பிறகுதான் ஆரம்பம். கருகிய தோலை அகற்றணும், திரும்பத் திரும்பக் கட்டு மாற்றணும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டணும். காயம் பெரிதென்றால் இதில் பலவும் மயக்கத்தில்தான் நடக்கும்.

சிக்கல் அந்த ‘மயக்கம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதையும் மயக்க ஊசி என்கிறோம். அதில் ஆள் முழுசா முழிச்சிருப்பார், டாக்டர்கள் பேசுவது காதில் விழும். முழு மயக்கத்துக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் நடுவில் செடேஷன் என்று ஒன்று இருக்கிறது. குழப்பம் அதிகம் இங்கேதான்.

செடேஷனில் அடிக்கடி பயன்படும் மிடசோலம் செய்கிற வேலை விசித்திரமானது. பதற்றம் குறையும், கூப்பிட்டால் பதில்கூட வரும். ஆனால் மூளையில் புது நினைவுகள் சரியாகப் பதியாது. மறுநாள் கேட்டால், ‘ஒண்ணுமே தெரியலைங்க’ என்பார். ஆக, மறந்துபோவது வேறு, அந்த நேரத்தில் உணராமல் இருப்பது வேறு. மிடசோலம் வலி மருந்தும் கிடையாது. வலிக்குத் தனியாக மருந்து கொடுத்தாக வேண்டும். ‘அதான் ஞாபகம் இல்லையே, அப்புறம் என்ன’ என்று விட்டுவிட முடியாது.

தீக்காயப் பிரிவுகளுக்குப் பழக்கமான இன்னொரு மருந்து கெட்டமைன். வலியை நன்றாக அடக்கும். மூச்சும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் சரிவதில்லை. ஆனால் கண் திறந்தே இருக்கலாம், ஆள் மட்டும் ‘இங்கே’ இருக்க மாட்டார். தெளியும்போது சிலருக்குப் பயங்கரமான கனவுகளும் மாயக் காட்சிகளும் வரும். வெடிவிபத்திலிருந்து வந்தவருக்கு அது எப்படி இருக்கும்? ‘இப்படி வரலாம், மருந்தோட வேலைதான், பயப்படாதீங்க’ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வது இங்கே சிகிச்சையின் பகுதி. மரியாதைக்குச் சொல்வது அல்ல.

சரி, முழு மயக்கத்தில்? நடுவில் விழிப்பு வருவது மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகள் தாங்களாகவே வந்து சொன்ன கணக்கு சுமார் 19,000 பேருக்கு ஒருவர். அதிலும் பெரும்பகுதி, மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நடந்தது. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் விழிப்பு வந்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. அதுதான் இதில் கொடுமை. பெரிய தீக்காயம் பட்ட உடம்பில் மருந்துகள் வேலை செய்யும் விதமும் மாறும். வலி மருந்தும் சில தசைத் தளர்த்திகளும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். முதல் தடவை போதுமாக இருந்த அளவு ஐந்தாவது தடவைக்குப் போதும் என்று சொல்ல முடியாது.

கையெழுத்து வாங்கும்போது ‘மயக்க ஊசி போடுவோம்’ என்று சொல்வது போதவே போதாது. எந்த மயக்கம், சத்தம் கேட்குமா, நடுவில் முழிப்பு இருக்குமா என்பதை நேரடித் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி அழுத்தம் தொழிலாளியோ ஆபீஸ் மேனேஜரோ, அது அவருடைய உரிமை. டாக்டருக்கு நேரமில்லை என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அதைவிட முக்கியம், மயக்கம் தெளிந்த பிறகு கேட்பது. தூங்குவதற்கு முன்பு கடைசியா என்ன ஞாபகம்? முழிச்சதும் முதல்ல என்ன ஞாபகம்? நடுவுல ஏதாவது ஞாபகம் இருக்கா? கனவு வந்துச்சா? மயக்கவியல் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. சிலருக்கு நினைவு சில நாள் கழித்தே மேலே வரும் என்பதால் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுவதில்லை. குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் பதில் கோப்போடு நின்றுவிடலாம். தீக்காய வார்டில் இருப்பவரோ சீக்கிரமே அதே மேஜைக்குத் திரும்பி வரப் போகிறார். அன்றைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவருடைய பதிலைப் பார்த்து மாற்ற முடியும்.