மாதிரித் தேர்வும் மறுபரிசீலனையும்

இந்திய மேலாண்மைக் கழகங்களில் இடம் பெறுவதற்காக ஆண்டுதோறும் நவம்பர் இறுதியையொட்டி நடைபெறும் கேட் தேர்வுக்கு ஆயத்தமாகிற இளைஞர்கள், மாதிரித் தேர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்தோ மனம் சோர்ந்தோ அடுத்ததற்குத் தாவிவிடுவதை, அரிய உழைப்பு விரயமாகிற காரியமென்றே நான் கருதுகிறேன். மொழித்திறன், தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என்னும் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 40 நிமிஷ அவகாசம் தந்து, ஒன்றில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோக இடங்கொடாத இத்தேர்வில், சரியான விடைக்கு 3 மதிப்பெண் கிடைக்கிறதென்றாலும், கொடுத்த விடைகளுள் தவறானதைத் தெரிந்தெடுத்தால் 1 மதிப்பெண் பறிபோவதால், எந்த வினாவைத் தொடாமல் விடுவது என்று நிச்சயிக்கும் விவேகம் இன்றியமையாதது. அவ்விவேகம், எழுதிய வினாத்தாளை மறுநாள் சாவகாசமாக எடுத்து வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்தை விழுங்கிய ஒரு வட்ட மேஜைப் புதிரை எந்தக் கட்டத்தில் கைவிட்டிருக்க வேண்டும், ஊகித்துக் குறித்த விடைகளில் எத்தனை தவறாயின, நன்கறிந்த விகிதக் கணக்கு ஏன் கண்ணில் படாமற் போயிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதிப் பார்க்கும்போதுதான் சித்திக்கிறது. எத்தனை தேர்வு எழுதினாய் என்று வீட்டிலும் பயிற்சி வகுப்பிலும் விசாரிக்கிறார்களே தவிர, எழுதியதை மறுபரிசீலனை செய்தாயா என்று கேட்பாரில்லை. அது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. ஆதலால், இரண்டு மணி நேரம் எழுதிய தேர்வுக்கு நான்கு மணி நேரமாவது பரிசீலனைக்கு ஒதுக்குங்கள். அதற்கு அவகாசமில்லாத வாரத்தில் புதிய தேர்வு எழுத வேண்டாம்.