காகிதக் கவரில் வந்த மாத்திரை

மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் எங்கள் பக்கத்தில் பலர் டாக்டரிடம் போவதில்லை. எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக்கடையில் சொன்னால் நாலு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள்.

என் மதினியும் அப்படித்தான் வாங்கினார். "தம்பி, ரெண்டே நாள்ல எந்திரிச்சு நடந்துட்டேன்" என்றார். ஆறு மாதத்தில் முகம் உப்பி உருண்டையானது. உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம், நான் உள்பட. பிறகு யாரோ பயமுறுத்த, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, தலைசுற்றல். ஒரு காலை வாசல் தெளிக்கப் போனவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில், "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டார் டாக்டர். கவரில் பெயர் இல்லை. முகத்தையும் இறங்கிக் கிடந்த ரத்த அழுத்தத்தையும் பார்த்து, ஸ்டீராய்டாக இருக்கும் என்று ஊகித்துத்தான் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

அவர் அன்று விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு நம் உடம்புக்குப் புதிதல்ல. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தயாரிக்கின்றன. மூலப்பொருள், நாம் பயப்படும் அதே கொலஸ்ட்ரால்தான். ஆனால் அரசாங்க ஆபீஸ் போல, மேலிடத்து உத்தரவு வந்தால்தான் வேலை நடக்கும். மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது அட்ரீனல் செல்லின் வாசலைத் தொட்டதும், உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் பெருகுகிறது. உடனே 'ஸ்டார்' என்னும் புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு சேர்க்கிறது. அங்கே ஒரு நொதி அதன் வாலை நறுக்குகிறது. மற்ற நொதிகள் ஆளுக்கொரு மாற்றம் செய்ய, மேஜை மேஜையாக ஃபைல் நகர்வது போல் நகர்ந்து, கடைசியில் கார்டிசால் வெளிவருகிறது. போதுமான அளவு சேர்ந்ததும், அந்தக் கார்டிசாலே மூளைக்குப் போய் உத்தரவைக் குறைக்கச் சொல்கிறது.

0.5 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்று, உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடு. அதைத் தினமும் விழுங்கினால் மேலிடம் உத்தரவையே நிறுத்திவிடும். உத்தரவு வராத சுரப்பி சுருங்கிப்போகும், நொதிகளும் குறையும். மாத்திரையைத் திடீரென்று விட்டால், வெளிவரத்தும் இல்லை, உள்தயாரிப்பும் இல்லை. பூட்டிக் கிடந்த ஆபீஸ் மறுபடி ஓட மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

ஸ்டீராய்டைத் திட்டுவது என் நோக்கமல்ல. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்டிசோன் கொடுத்துப் பார்த்த ஹென்ச்சும் கெண்டாலும், 1950இல் ரைக்ஸ்டைனுடன் நோபல் பரிசு பெற்றார்கள். 2020இல், ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை டெக்ஸாமெத்தசோன் குறைத்தது என்று பிரிட்டன் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே கருப்புப் பூஞ்சையையும் பார்த்தோம். கட்டுப்படாத சர்க்கரையோடு, ஸ்டீராய்டைக் கண்டபடி கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். மருந்து ஒன்றுதான், கையாண்ட விதம்தான் வேறு.

இவை எச் அட்டவணை மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, கேட்டு வாங்குவது நாம்தானே? பெயரும் தேதியும் இல்லாத தாளை என் ஆபீஸில் ஃபைலில் சேர்க்க மாட்டோம். வாயில் போடும் மாத்திரைக்கு மட்டும் அது வேண்டாமா? அட்டையோடு கேளுங்கள், ரசீது கேளுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்.

மதினி இப்போது தேறிவிட்டார். மருந்துச் சீட்டு, வெற்றிலையோடு சுருக்குப்பையில் பத்திரமாக இருக்கிறது.