பாட்டிக்கு ஒரு நியாயம், பேரனுக்கு ஒரு நியாயம்

சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் உட்காரும்போதெல்லாம் நான் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவது வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். 400 இலை போட்டால் 20 இலை. அந்த 20 பேர் யார் என்று கேட்டால் நம்மில் எவருக்கும் தெரியாது. என் வீட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கே தெரியவில்லையே!

ஒருவர் என் அம்மா. மற்றவன் என் மகன். இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். அம்மா, "எழுது, யாருக்காவது உபயோகப்படட்டும்" என்றார். மகன், "பாட்டி விஷயத்தோட சேர்த்து எழுதினா சரி" என்றான்.

அப்பா காலமான மறுவருஷம், 2016-ல், கும்பகோணத்து வீட்டைப் பூட்டி அம்மாவை மயூர் விஹாருக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது 74. நானும் மனைவியும் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி. நாலாவது மாடியில், இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், டி.வி.யோடு அம்மா. மூன்றே மாதத்தில் சாப்பாடு குறைந்தது. "நெஞ்சு பாரமா இருக்குப்பா. மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை" என்றார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மொழிபெயர்ப்பாளன் நான்தான். அம்மா சொன்ன 'பாரம்' என் இந்தியில் 'தர்த்' ஆகிவிட்டது, அதாவது வலி. நெஞ்சு வலி என்றால் எந்த டாக்டர் சும்மா இருப்பார்? ஈ.சி.ஜி., எக்கோ, பிறகு வயிற்றுக்குள் குழாய் விட்டு ஒரு பரிசோதனை. எல்லாம் நார்மல். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் இப்படியே ஓடியது. நடுவில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, "எனக்கு ஞாபகமே போயிடுச்சு" என்று அழுதார். சரி, இது மறதி நோய் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு மலையாள நர்ஸ். வேலூரில் படித்தவராம். நான் பாட்டுக்கு இந்தியில் விளக்கிக் கொண்டிருக்க, அவர் என்னை ஒதுக்கிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, மனசு எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உள்பட. அம்மா அரை மணி நேரம் பேசினார். நான் அங்கேயே நின்று கொண்டிருந்தது எனக்கே சங்கடமாக இருந்தது.

பின்னர் மனநல மருத்துவர் சொல்லித்தான் பல விஷயங்கள் புரிந்தன. முதியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசும்: வயிறு, நெஞ்சு, மூட்டு, மலச்சிக்கல், விடியலுக்கு முன்பே வரும் விழிப்பு. 'துக்கமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. இவர்களுக்கென்றே 1980-களில் அமெரிக்காவில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதன் சுருக்கமான வடிவத்தில் 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொன்னால் போதும். தூக்கம், பசி, உடல்வலி பற்றி அதில் ஒரு கேள்வி கூடக் கிடையாது. வயதானால் அவை எப்படியும் இருக்கும், அவற்றை வைத்துக் குழம்பக்கூடாது என்பதுதான் காரணம். மறதி விஷயமும் அப்படியே. மனச்சோர்வு உள்ளவர் 'மறந்து போகிறதே' என்று தாமே புலம்புவார். மறதி நோயில் பெரும்பாலும் மற்றவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் பரிசோதனை அவசியம்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. பி-12 சத்து மிகக் குறைவு. நம்மைப் போன்ற சைவக் குடும்பங்களில் இது சகஜம். ஊசி போட்டார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையையும் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள்; முதியவர்களுக்கு அதனால் உடம்பில் சோடியம் குறையக்கூடும் என்று அதையும் சோதித்துப் பார்த்தார்கள். பலன் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில், காபியில் டிக்காக்‌ஷன் போதவில்லை என்று அம்மா குறை சொன்னார். என் மனைவி சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. 2018-ல் என் மகனுக்கு 23 வயது. குருகிராமில் கிடைத்த வேலையை ஐந்தே மாதத்தில் விட்டுவிட்டு வந்தான். பகல் பன்னிரண்டு வரை தூக்கம். ஏதாவது கேட்டால் எரிந்து விழுவான். பாட்டிக்குத் தூக்கம் இல்லை, இவனுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டும் ஒரே நோயாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்? செல்போன், கெட்ட சகவாசம், சோம்பேறித்தனம் என்று தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். "உன் வயசில் நான் ஜனதா எக்ஸ்பிரஸில் நின்றுகொண்டே டெல்லிக்கு வந்தவன்" என்ற புராணத்தையும் பாடினேன். (முழுக்க நின்றுகொண்டு வரவில்லை. நாக்பூரில் இடம் கிடைத்தது.)

"அவனைத் திட்டாதேடா. எனக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்திருக்கு" என்று சொன்னவர் அம்மாதான்.

அன்றிரவு அவன் தன் தாயிடம் பேசினான். தமிழில் அல்ல. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கோபமும் வருத்தமும் இந்தியில்தான் வருகின்றன. தான் எங்களுக்கு ஒரு 'போஜ்' என்றானாம். போஜ் என்றால் பாரம். பாட்டிக்கு நெஞ்சில் பாரம், பேரனுக்குத் தானே பாரம். இளையவர்களிடம் இந்தக் குற்ற உணர்வும் எரிச்சலும்தான் அதிகம் தெரியுமாம். அவனுக்கும் மாத்திரையும் கவுன்சலிங்கும் கொடுத்தார்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரை தொடங்கும் முதல் சில வாரங்களில் விபரீத எண்ணங்கள் கூடுகின்றனவா என்று வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் பதினைந்து நாள் லீவு போட்டேன்.

நம் குடும்பங்களில் நடப்பது என்னவென்றால், கிழவிக்கு மருந்து, பையனுக்கு உபதேசம். உண்மையில் மாற்றிச் செய்திருக்க வேண்டும். அம்மாவிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மகனை டாக்டரிடம் அழைத்துப் போய் இரத்தமும் பார்த்திருக்க வேண்டும். 'வயசானா இப்படித்தான்' என்பதும், 'இந்த வயசில் உனக்கென்ன குறைச்சல்?' என்பதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள் என்பது என் அபிப்பிராயம். ஊரோடு இருந்திருந்தால் இதெல்லாம் வராது என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஊரிலும் வரும். ஆனால் அங்கே அம்மா தன் பாரத்தைத் தன் பாஷையிலேயே சொல்லியிருப்பார்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. பெற்ற பிள்ளை மொழிபெயர்த்தால் தாய் பாதியை மறைப்பாள், பிள்ளை மீதியைத் திருத்துவான். தமிழும் இந்தியும் தெரிந்த வெளியாள் ஒருவர் டாக்டரிடம் உடன் போக ஏற்பாடு செய்யலாம். அதுவரை, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை, மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது பேசினால், அவர் எந்த வயதினராக இருந்தாலும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். செவ்வாய், வியாழன் காலைகளில் யார் வீட்டு அம்மாவுடனும் அப்பாவுடனும் டாக்டரிடம் துணைக்குப் போகத் தயார். மெட்ரோ செலவு என்னுடையது. சங்க அலுவலகத்தில் சொல்லி வைத்தால் போதும். பாரம் என்றால் பாரம் என்றே சொல்வேன்.