விலங்குருவும் பாலடையாளமும்

அமெரிக்க நாட்டிலே தம்மை 'ஃபர்ரி' என்று அழைத்துக்கொள்ளும் ஒரு குழாத்தினர் உளர். மனிதரைப் போல நின்று நடந்து பேசும் விலங்குகளைச் சித்திரத்திலும் கதையிலும் வேடத்திலும் விரும்பிப் போற்றுவோர் இவர். இவரைப் பற்றிய பேச்சு மாணவரிடை எழும்போதெல்லாம் முதற்கண் எழுவது நகைப்பே. நகைப்பை யாம் குறை கூறோம். ஏழடி உயர நரியொன்று மின்தூக்கியினுள் தன் வாலை எங்கே ஒடுக்குவதென அறியாது திகைத்து நிற்கக் கண்டால் எவர்தாம் நகையார்? அக்குழாத்தினரே நகைப்பர். ஆயினும் நகைத்ததோடு நின்றுவிடுவோமாயின், அவரிடை நிகழும் அரியதொரு செய்தி நம் கண்ணிற் படாது போம். தம் பால் இன்னதென ஐயுறும் இளைஞர் பலர், பிறரிடம் வாய்திறந்து உரைக்கும் முன்னரே, இவ்விலங்குருவின் வழியாக அவ்வையத்தை ஆராய்ந்து பார்க்கின்றனர் என்பதே அது. அவ்விளைஞர்க்கு அது நன்மையே என்பது எம் துணிபு.

இக்குழாம் தோன்றி நெடுங்காலம் ஆகவில்லை. 1980-ஆம் ஆண்டை அடுத்து, அறிவியற் புனைகதை அன்பர்களின் மாநாடுகளினின்றும் கிளைத்தது. 1989-இல் கலிபோர்னியாவில் இவர்க்கெனவே கூட்டப்பெற்ற முதல் மாநாட்டிற்கு வந்தோர் 65 பேர். பிட்ஸ்பர்க் நகரில் ஆண்டுதோறும் கூடும் 'ஆந்த்ரோகான்' என்னும் மாநாட்டிற்கு 2024-இல் வந்தோர் 17,000-க்கும் மேற்பட்டோர். இவரனைவரும் வேடமணிவர் என எண்ணற்க. முழுவேடத்தின் விலை ஆயிரக்கணக்கான டாலர் ஆதலின், அதனை உடையோர் சிறுபகுதியினரே.

பெரும்பாலார்க்கும் உரியது 'ஃபர்சோனா' என்பதாம். அஃதாவது, ஓநாயோ நரியோ பூனையோ தாம் தேர்ந்த ஒரு விலங்கின் வடிவில் தமக்கென ஆக்கிக்கொண்ட உரு. அதன் பெயரையும் நிறத்தையும் குணத்தையும் பாலையும் ஆக்குவோரே வகுத்தல் வேண்டும். நம் பெயரும் பாலும் நாம் பிறந்த அன்றே பிறரால் உரைக்கப்பட்டன. நம்மை எவரும் கேட்டிலர். ஃபர்சோனாவை ஆக்குவோர்முன் அவ்வினா தானே வந்து நிற்கின்றது: இந்நரி ஆணோ, பெண்ணோ, அவ்விரண்டும் அன்றோ? ஆணென வளர்க்கப்பெற்ற ஒருவர் பெண்ணரியைத் தெரிந்துகொண்டார் என வைத்துக்கொள்வோம். சித்திரக்காரர் அவ்வாறே வரைந்து கொடுப்பர். நண்பர் அப்பெயராலேயே விளிப்பர். ஆங்கிலத்திற் பெண்பாலுக்குரிய சுட்டுப்பெயரையே வழங்குவர். (பாலை வெளிப்படுத்தாது ஒருவரைச் சுட்டுதற்கு நம் மொழியில் 'அவர்' என்னும் சொல் நெடுங்காலமாக ஆரவாரமின்றிப் பணிபுரிந்து வருகின்றது. ஆங்கிலத்தார் அதன்பொருட்டுப் பன்மைச்சொல்லைக் கடன் வாங்கி, இன்றளவும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.) முழுவேடத்துட் புகுவாராயின், நுரைப்பஞ்சும் செயற்கை மயிரும் உடலின் வடிவை மறைத்துவிடும். வேடத்துள் பேசாதிருத்தலைப் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளமையின் குரலும் மறையும். எஞ்சி நிற்பன நடையும் கையசைவும் கழுத்திற் தொங்கும் பெயரட்டையுமே. காண்போர் தம்மைப் பெண்ணென்றே கொண்டு பழகும் அநுபவம் அவர்க்கு முதன்முதல் ஆங்கே கிட்டுகின்றது. சில திங்கள் கழிந்தபின், 'இது கதையுரு மாத்திரமே. நான் ஆண்தான்' எனத் தெளிவாரும் உளர். 'இவளே நான்' என உணர்ந்து, வீட்டாரிடம் அதனைச் சொல்லத் துணிவாரும் உளர். முன்னவர்க்கு நேர்ந்த இழப்பு யாது? வேடத்துள் ஒழுகிய வியர்வையன்றிப் பிறிதொன்றும் இல்லை.

இக்குழாத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் உளநூலார் சிலர் உளர். திருநங்கையரும் திருநம்பியரும் இருபாலுள் அடங்காதாரும், பொதுமக்களிடை இருப்பதினும் பன்மடங்கு மிகுதியாக இக்குழாத்தில் உளர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. ஃபர்சோனா என்பது பெரும்பாலார்க்குத் தாம் ஆக விரும்பும் மேம்பட்ட தம் உருவே என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்டவுடன், 'வேடமே இவர் மனத்தைத் திரித்துவிட்டது' என்பார் சிலர். மரநிழலில் வழிப்போக்கர் மிகுந்திருக்கக் கண்டு, மரமே அவரைக் களைப்புறச் செய்தது என்று எவரேனும் கூறுவரோ? ஆராய்வோரும் சிற்சில வேளை பெயரிடுதலில் விரைந்துவிடுகின்றனர். தம்மை முற்றும் மனிதரல்லர் எனக் கருதும் சிலரைப் பற்றி, 'உயிரின அடையாளக் கோளாறு' என்னும் பெயரை 2008-இல் ஒரு கட்டுரை முன்வைத்தது. அக்காலத்து உளமருத்துவ நூலில் நின்ற 'பாலடையாளக் கோளாறு' என்னும் பெயரே அதற்கு முன்மாதிரி. அமெரிக்க உளமருத்துவர் சங்கமோ 2013-இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் அப்பெயரையே கைவிட்டது.

இக்குழாம் குற்றமற்றதென யாம் கூறவில்லை. இதன்கண் பெரும்பான்மையோர் வெள்ளையர்; அவருள்ளும் ஆடவரே மிக்கார். ஏனையோர்க்கும் கதவு அதே அகலம் திறந்திருக்கின்றதா என்பது கேட்கத்தக்க வினாவே.

நிற்க, நகைப்பு நஞ்சாகும் இடம் ஒன்றுண்டு. தம்மைப் பூனையென்று கூறும் மாணவர்க்காகப் பள்ளிக் கழிப்பறைகளில் பூனைகளுக்குரிய மணற்பெட்டி வைக்கப்பெற்றுள்ளது என்றொரு வதந்தி 2021, 2022-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் பரவிற்று. மிச்சிகன் மாகாணத்து மிட்லண்ட் நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரி 2022 ஜனவரியில் பெற்றோர்க்கு எழுதி அதனை மறுத்தார். நெப்ராஸ்காச் சட்டசபையில் அதனை மெய்யென உரைத்த உறுப்பினர் ஒருவர், அவ்வாண்டு மார்ச்சில், பொய்யென அறிந்து மன்னிப்பு வேண்டினார். ஆயினும் தேர்தல் மேடைகளில் அது ஓயவில்லை. என்னை? அம்பு எய்யப்பட்டது பூனை வேடத்தார்மேல் அன்று. தாம் கூறும் பெயரால் தம்மை அழைக்குமாறு வேண்டும் திருநர் மாணவர்மேலேயே. 'இன்று பெண்ணென்பான், நாளை பூனையென்பான்' என்பதே அதன் உட்கிடை. ஃபர்ரிகளுட் பெரும்பாலார் தம்மை விலங்கென்று கருதுவாரல்லர் என்பதும், ஞாயிறு மாலை வேடத்தைப் பெட்டியில் அடக்கிவிட்டுத் திங்கள் காலை அலுவலுக்குச் செல்வர் என்பதும், வதந்தியைப் பரப்பினார்க்கு ஒரு பொருட்டாக இல்லை.

செய்தியாளர் ஆராய்ந்தபோது பூனைமணல் வைத்திருந்த பள்ளிகளும் ஓரிடத்தில் இருக்கவே செய்தன. அவ்விடம் கொலராடோவில் உள்ள ஜெபர்சன் வட்டம். 1999-இல் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்ட கொலம்பைன் உயர்நிலைப்பள்ளி அவ்வட்டத்தைச் சார்ந்ததே. துப்பாக்கியேந்திய ஒருவன் உட்புகுந்தால், கதவடைத்த அறையில் நெடுநேரம் அடைபட்டிருக்கும் பிள்ளைகள் இயற்கைக்கடன் கழிப்பதற்கென்று, 2017 முதல் அவ்வகுப்பறைகளில் ஒரு வாளியில் ஏனைப் பொருள்களோடு சிறிது பூனைமணலும் வைத்திருந்தனர். இது 2022-இலேயே யாவரும் அறிய வெளியாயிற்று. அதன்பின்னும், மாணவர் வாலணிதலையும் விலங்குபோல் ஒலித்தலையும் மணற்பெட்டி வழங்குதலையும் தடுப்பதற்கென்று, 2025 மார்ச்சில் டெக்சாஸ் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பெற்றது. அது சட்டமாகாமலே ஒழிந்தது.